இரண்டே கால் மணி இல்லாத ஞாயிறு

8 அக்டோபர் 2024, செவ்வாய்

மழை. பேருந்து பதினெட்டு நிமிடம் தாமதம். வேலையில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்றுதான் லாரிகளுக்கான கணினி நிரலைத் திறந்து படித்தேன். படித்திருக்கக் கூடாது.

தினமும் அதிகாலை இரண்டே காலுக்கு அது தானாக ஓடுகிறது. எந்தப் பால் லாரி எந்தப் பண்ணைக்குப் போக வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. மூன்று மணிக்கு ஓட்டுநர்கள் வேலைக்கு வந்து, கையடக்கக் கருவியில் அதைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். எங்கள் பால் கூட்டுறவில் நானூற்றுப் பத்துப் பண்ணைகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பால் எடுப்பு. பாதி இன்று, மீதி நாளை. இதுவரை சரி.

இன்று எந்தப் பாதி என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? தேதியைப் பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்காது. தான் எத்தனை முறை ஓடியிருக்கிறோம் என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. ஒரு முறை ஓடினால் ஒரு நாள் கழிந்தது. அவ்வளவுதான் அதன் வானசாஸ்திரம். சிறைச் சுவரில் கோடு கிழிப்பவன்கூட விடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கிழிப்பான்.

எழுதியவர் ஓய்வு பெற்று ஸ்பெயினில் இருக்கிறாராம். நன்றாக வெயில் காயட்டும்.

பிறகுதான் உறைத்தது. கோடை நேரம் முடியும் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தில் மூன்று மணியை மறுபடி இரண்டு மணி ஆக்குவோமே, அன்று இரண்டே கால் இரண்டு தரம் வரும். கோடை நேரம் தொடங்கும் மார்ச் கடைசி ஞாயிறு இரண்டிலிருந்து நேரே மூன்றுக்குத் தாவுவோமே, அன்று இரண்டே காலே கிடையாது. அப்படியென்றால் வருடத்துக்கு இரண்டு முறை இந்தக் கணக்கு குப்புற விழ வேண்டும். இத்தனை வருடம் இது எப்படி உயிரோடு இருக்கிறது?

9 அக்டோபர், புதன்

பதில் கிடைத்தது. பதிலின் பெயர் ஹின்ரிக்.

லாரிப் பிரிவின் தலைவர். அறுபது வயது, கதவை அடைக்கும் உடம்பு. பத்தரை மணித் தேநீரில் கேட்டேன். சூடான தேநீர் பட்டுக் கற்கண்டு கோப்பைக்குள் வெடித்து முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அதுவா? அக்டோபர்ல அன்னைக்கு ராத்திரி நான் வருவேன். மணி மூணாகப் போகும்போது அந்த மெஷின் பிளக்கப் புடுங்கிடுவேன். அரை மணி நேரம் டீ. அப்புறம் சொருகிடுவேன்."

"மார்ச்ல?"

"மார்ச்ல மூணு மணிக்கு வந்து பொத்தான அமுக்கி நானே ஓட்டிடுவேன்."

"ஒவ்வொரு வருஷமுமா?"

"இருபத்தெட்டு வருஷமா. போன ஈஸ்டர் ஒண்ணத் தவிர."

போன ஈஸ்டர் ஞாயிறும் மணி மாறிய ஞாயிறும் ஒன்றாக வந்து தொலைத்தன. முந்தின இரவு ஊரே வருடா வருடம் மூட்டும் ஈஸ்டர் நெருப்பைச் சுற்றி நின்றது. ஹின்ரிக்கும் நின்றார். கையில் சாராயத்தோடு விடியும்வரை நின்றார். பொத்தானை யாரும் அமுக்கவில்லை. கருவிகளில் சனிக்கிழமைப் பட்டியலே கிடந்தது. காலியான தொட்டிகளைத் தேடி லாரிகள் போயின. நிரம்பிய தொட்டிகளுக்கு யாரும் போகவில்லை. கெஷே ப்ரூன்ஸ் என்றொரு பெண்மணியின் தொட்டியில் சரியாக நான்கு வேளைக் கறவைக்குத்தான், அதாவது இரண்டு நாள் பாலுக்குத்தான் இடம். ஐந்தாவதும் ஆறாவதும் சாணக்குழிக்குப் போயின.

"ஒரு தடவ தப்பிப்போச்சு. நானும் மனுஷன்தானேடா" என்றார் ஹின்ரிக்.

மனுஷன்தான். அதனால்தான் கணினி வாங்கினார்கள்.

14 அக்டோபர், திங்கள்

மேலாளர் லூபர்ஸிடம் போனேன். தேதியைப் பார்க்கும்படி மாற்ற இரண்டு நாள் போதும் என்றேன். அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு கோப்புக் கட்டை எடுத்தார். நல்ல தடிமன்.

"பாருங்க மிஸ்டர் ஹார்ம்ஸ், நாங்க ஒண்ணும் தூங்கல. 2018-லயே இத எடுத்தாச்சு. பிரஸ்ஸல்ஸ்ல, ஐரோப்பியப் பாராளுமன்றத்துல, கோடை நேரத்தையே ஒழிக்கப் போறாங்க. ஒழியப்போற ஒண்ணுக்கு நிரல மாத்துவாங்களா?"

"2018 முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப இன்னும் பக்கத்துல வந்துட்டோம்."

சிரிக்காமல் சொன்னார். கோப்பைப் புரட்டினேன். வருடத்துக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரே வரி: 'பிரஸ்ஸல்ஸ் முடிவுக்காகக் காத்திருப்பு.' மையின் நிறம் மட்டும் மாறுகிறது. காத்திருப்பதற்கும் ஒரு நிரல் எழுதிக் கொடுத்திருக்கலாம். வருடம் தவறாமல் ஓடியிருக்கும்.

17 அக்டோபர், வியாழன்

ப்ரூன்ஸ் பண்ணையில் தொட்டியின் அளவுக் கருவி பழுது. நான் போக வேண்டியதாயிற்று. கெஷேவுக்கு ஐம்பது வயது இருக்கும். அறுபத்திரண்டு மாடு, ஒரு ஆள், ஒரு நாய். கை குலுக்கவில்லை. கையில் சாணம்.

"நீதான் புது கம்ப்யூட்டர் ஆளா? மணி மாறுற அன்னைக்கு எனக்கு லாரி வருமா வராதா?"

"வரும்."

"ஹின்ரிக்கும் இதத்தான் சொன்னான்."

மணி மாறுவதற்குத் தயாராக இந்த வாரத்திலிருந்தே கறவையைத் தினம் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு போகிறாள். ஆறு நாளில் ஒரு மணி நேரம். மாடு மிரளாதாம். அறுபத்திரண்டு மாட்டுக்குப் புரியும்படி ஒருத்தி இதைத் திட்டம் போடுகிறாள். ஒரு கணினிக்குப் புரியவைக்க எங்களுக்கு இருபத்தெட்டு வருடம் போதவில்லை.

22 அக்டோபர், செவ்வாய்

சர்வர் அறையைச் சுத்தம் செய்தேன். மின்வடங்கள் பாம்புப் புற்று மாதிரி கிடந்தன. எல்லாவற்றையும் பிரித்து, நிறம் பார்த்து அடுக்கி, பெயர் ஒட்டினேன். நாலு மணி நேரம். இந்தக் கட்டடத்தில் ஒழுங்காக இருக்கும் ஒரே இடம் இப்போது அதுதான்.

27 அக்டோபர், ஞாயிறு

ஹின்ரிக் வந்திருக்கிறார். தேநீர்க் குடுவையோடு, சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். இடமிருந்து மூன்றாவது பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். இருபத்தெட்டு வருடமாக அதுதான் லாரி மெஷின்.

செவ்வாய்க்கிழமை முதல் அது ஈமெயில் மெஷின்.

நான் அழகாகப் பெயர் ஒட்டியிருந்தேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாராம். எதற்குக் கண்ணாடி, மூன்றாவது பிளக்குதானே.

லாரி நிரல் இரண்டு முறை ஓடியது. அதன் கணக்கில் ஞாயிறு முடிந்து திங்கள் ஆகிவிட்டது. இமகே ஓட்டுநர். மூன்று மணிக்கு வேலையில் இறங்குகிறவள், ஐந்தே முக்காலுக்கு எனக்குப் போன் செய்தாள்.

"யோவ், மூணாவது பண்ணை. மூணு தொட்டியும் பாதிகூட இல்ல. நேத்துதானே இங்கெல்லாம் எடுத்தோம்? என்ன எழவு பட்டியல்யா இது?"

மற்ற ஓட்டுநர்கள் அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்பியிருக்கிறார்கள். ஈமெயில் மெஷின் திரும்பச் சொருகியும் எழுந்திருக்கவில்லை. ஆகவே ஒரு புகாரும் வரவில்லை. கூட்டுறவின் வரலாற்றிலேயே அமைதியான காலை.

நானும் ஹின்ரிக்கும் பகல் முழுக்கப் போனில். இருநூற்று ஐந்து பண்ணை. ஒவ்வொருவரிடமும் தொட்டியில் எவ்வளவு இடம் என்று கேட்டு, தாளில் எழுதி, லாரிகளைத் திருப்பி — முடித்துவிட்டோம். கிட்டத்தட்ட. ப்ரூன்ஸ் பண்ணைக்கு லாரி போனபோது மாலை ஆறரை. அவள் ஐந்துக்கே கறந்து முடித்திருந்தாள். ஒரு கறவை, எழுநூறு லிட்டருக்கு மேல், சாணக்குழிக்குள்.

ஹின்ரிக் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்ல? ஏன்டா வடத்த மாத்துனத சொல்லலன்னு கேட்டிருக்கலாம்ல? கேக்கல.

நிரல் பிழையா? ஹின்ரிக் பிழையா? பிரஸ்ஸல்ஸ் பிழையா? கட்டம் போட்டுப் பார்த்தேன். கடைசியாகத் தொட்டவன் நான்.

29 அக்டோபர், செவ்வாய்

ப்ரூன்ஸ் பண்ணைக்கு நேரே போனேன். வடங்களை மாற்றியது நான், ஹின்ரிக்கிடம் சொல்லாதது நான் என்றேன். மாட்டுக்குத் தீவனம் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

"இல்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

"நல்லதாப் போச்சு. மன்னிப்ப வெச்சு நான் என்ன, வெண்ணெயா எடுக்கப்போறேன்?"

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் ஊற்றினாள். மூன்று கோப்பை. மூன்றாவது முடிந்ததும், போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பைக்குள் கரண்டியை நானே போட்டேன். அப்போதுதான் சொன்னாள், குரலை உயர்த்தாமல்:

"மார்ச் முப்பது. அன்னைக்கும் என் பால் குழிக்குப் போச்சுன்னா மாட்டையெல்லாம் வித்துருவேன். மிரட்டுறேன்னு நெனைக்காத. ஒருத்தன் வந்து பாத்துட்டே போயிட்டான். காலைல நாலரைக்கு எந்திரிச்சு குழிக்குக் கறக்குறதுக்கு நான் ஆள் இல்ல."

12 நவம்பர், செவ்வாய்

லூபர்ஸ் நடவடிக்கை எடுத்துவிட்டார். 'கோடைநேரப் பணிக்குழு' அமைத்திருக்கிறார். ஐந்து பேர். நானும் உண்டு. முதல் கூட்டத்தில், இரண்டாவது கூட்டம் எப்போது என்று தீர்மானித்தோம். நடவடிக்கைக் குறிப்பு மூன்று பக்கம். அதில் அரைப்பக்கம் அடுத்த முறை கேக் யார் கொண்டுவருவது என்பது.

3 டிசம்பர், செவ்வாய்

இரண்டாவது கூட்டம். கேக் நன்றாக இருந்தது.

16 ஜனவரி 2025, வியாழன்

குழு பேசிக்கொண்டிருக்கட்டும் என்று நானே எழுதி முடித்துவிட்டேன். நிரல் இனி தேதியைப் பார்க்கும். ஒரே தேதிக்கு எத்தனை முறை ஓடினாலும் அதே பட்டியல்தான் வரும். கூடவே, நேரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டேன். அதில் கோடை கிடையாது, குளிர்காலம் கிடையாது. ஒரு நாளும் தாவாது, திரும்பாது. இரண்டே கால் என்றால் பொது நேரத்தில் ஒன்றே கால். சோதனைக் கணினியின் கடிகாரத்தை மார்ச் முப்பதுக்குத் திருப்பிவைத்துப் பார்த்தேன். எண்ணெய் போட்டமாதிரி ஓடியது.

சுத்தம். பிரமாதம். இதைத்தான் படித்தவன் செய்வது என்பது.

17 ஜனவரி, வெள்ளி

படித்தவன் ஒரு கழுதை.

உணவறையில் இமகேயிடம் பெருமையாக விளக்கினேன். ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள்:

"சரி, ஜூன் மாசம் எனக்குப் பட்டியல் எத்தன மணிக்கு வரும்?"

"அதே நேரம்தான். பொது நேரம் மாறாதுல்ல."

"உன் பொது நேரம் மாறாதுய்யா. என் அலாரம் மாறும்ல?"

கணக்குப் போட்டேன். பொது நேரம் ஒன்றே கால் என்பது குளிர்காலத்தில் இங்கே இரண்டே கால். கோடையில் மூன்றே கால். அவளும் மற்ற ஓட்டுநர்களும் மூன்று மணிக்குக் கருவியைத் திறந்தால் முந்தின நாள் பட்டியல் கிடக்கும். வருடத்துக்கு இரண்டு நாள் இருந்த கோளாறை ஏழு மாதத்துக்கு நீட்டியிருக்கிறேன். பழைய ஆள் வெறும் முட்டாள்தனம் பண்ணினார். நான் அதைத் தத்துவத்தோடு பண்ணியிருக்கிறேன்.

"மூஞ்ச ஏன் அப்படி வெச்சுக்குற? இன்னும் லாரிய எடுக்கலியே" என்று மீதி ரொட்டியை என் பக்கம் தள்ளினாள்.

20 ஜனவரி, திங்கள்

யோசித்தால், தப்பு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் நிற்பதுதான். ஒன்றே கால் என்று வைத்தால் உள்ளூர் நேரப்படியே எல்லா நாளும் ஒரே ஒரு முறை வரும். மார்ச்சிலும் சரி, அக்டோபரிலும் சரி. பிறகு ஏன் இரண்டே கால்?

ஹின்ரிக் சொன்னார்: "பரிசோதனைக்கூடத்துலேருந்து பாலோட தர அறிக்கை ரெண்டு மணிக்குத்தான் வரும். அது வந்தாத்தான் பட்டியல் போட முடியும்."

பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "ரெண்டு மணியா? ராத்திரி பதினொண்ணரைக்கே அனுப்பிடுறோமே. நான் இங்க வந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு, அப்பலேருந்து அப்படித்தான்."

பதினைந்து வருடம். யாரும் கேட்கவில்லை. மருந்து என்னவென்றால், 2 என்ற இடத்தில் 1 என்று அடிப்பது. ஹின்ரிக்கின் அத்தனை இரவுகளுக்கும் ஒரு எண்.

11 பிப்ரவரி, செவ்வாய்

குழுவுக்கு முன் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். லூபர்ஸ் கைதட்டவே செய்தார். ஒப்புதல் நிர்வாகக் குழுவில் தரப்படும். கூட்டம் ஏப்ரல் எட்டு.

"மணி மாறுறது மார்ச் முப்பது" என்றேன்.

"அதுக்கென்ன, ஹின்ரிக் இருக்காரே."

"போன தடவையும் இருந்தாரு."

"மிஸ்டர் ஹார்ம்ஸ், ஒப்புதல் இல்லாம ஓடுற நிரல்ல யாரும் கை வைக்கக் கூடாது. அது விதி. வெச்சா எழுத்துமூலமா எச்சரிக்கை. உங்களுக்கு இன்னும் ஆறு மாசமே முடியல, தெரியும்ல?"

தெரியும். ஆறு மாதம் முடியாதவனை அனுப்பக் காரணம்கூடச் சொல்ல வேண்டாம். மார்ச் இரண்டோடு ஆறு மாதம் முடிகிறது. அதற்குப் பிறகு வெறும் எச்சரிக்கைதான்.

அந்த ஆறு மாதக் கணக்கை அவரே நினைவுபடுத்தியிருக்க வேண்டாம்.

10 மார்ச், திங்கள்

ஆறு மாதம் முடிந்து எட்டு நாள். இன்னும் கை வைக்கவில்லை. ஏன்? பயமா? பயம்தான். மறுபடி நானே எதையாவது உடைத்தால்? ப்ரூன்ஸ் பண்ணையில் இரண்டாவது தடவையும் நான்தான் என்று போய் நிற்க முடியுமா?

சோதனைக் கணினியில் அடுத்த இரண்டு வருடத்தையும் நாள் நாளாக ஓட்டிப் பார்க்கிறேன். நிஜமான நாட்களைவிட வேகமாகப் போகின்றன.

27 மார்ச், வியாழன்

கை வைத்துவிட்டேன். தேதியைப் பார்க்கும் நிரல், உள்ளூர் நேரம் ஒன்றே கால். மதியம் ஒன்று நாற்பது. லூபர்ஸ் சாப்பிடப் போயிருந்தார்.

இந்த முறை முதலில் ஹின்ரிக்கிடம் சொன்னேன். இமகேயிடமும். ஹின்ரிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார்.

"அப்ப நான் வர வேண்டாமா?"

"வேண்டாம்."

"வந்தா?"

"வந்து பொத்தான அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. அதே பட்டியல்தான் திரும்ப வரும்."

"அதான் கேட்டேன். நான் வருவேன். உன்ன நம்பாம இல்லடா. என்னை நம்பாம."

30 மார்ச், ஞாயிறு

தூங்கவில்லை என்று எழுத ஆசை. தூங்கிவிட்டேன். ஆறரைக்கு எழுந்து, அது ஐந்தரையா ஏழரையா என்று ஒரு நிமிடம் குழம்பி, பிறகு கருவியைப் பார்த்தேன்.

1:15 — பட்டியல் தயார். 3:04 — கைமுறை இயக்கம், மாற்றம் இல்லை. அது ஹின்ரிக். 3:06 — கைமுறை இயக்கம், மாற்றம் இல்லை. அதுவும் ஹின்ரிக்.

ஏழு இருபதுக்கு இமகே. பின்னால் நாய் குரைக்கிறது, குழாய் உறிஞ்சுகிற சத்தம்.

"ப்ரூன்ஸ்ல நிக்கிறேன். தொட்டி காலியாகுது. அவங்க வாசல்லயே நின்னு லாரியப் பாத்துக்கிட்டிருக்காங்க. இந்தப் போன அவங்ககிட்ட குடுக்கவா?"

"வேண்டாம்."

"ஏன்யா?"

"வேலையப் பாரு."

மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. நாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வேலையில் உச்சக்கட்ட வெற்றி என்பது பார்க்க இப்படித்தான் இருக்கும்.

2 ஏப்ரல், புதன்

எழுத்துமூல எச்சரிக்கை. இரண்டு பிரதி. 'ஒப்புதலின்றி இயங்கும் அமைப்பில் தலையீடு.' நான்கு பத்தி, ஒரு பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன். லூபர்ஸ் தன் பேனாவைத் தந்தார். திரும்ப வாங்க மறக்கவில்லை.

9 ஏப்ரல், புதன்

நேற்று நிர்வாகக் குழு ஒப்புதல் தந்துவிட்டது. ஏற்கனவே பதிமூன்று நாளாக ஓடிக்கொண்டிருப்பதற்கு. உறுப்பினர் சுற்றறிக்கையில் 'பணிக்குழுவின் ஐந்து மாத அயராத உழைப்பு' என்று வந்திருக்கிறது. புகைப்படமும் உண்டு. ஐந்து பேரும் கேக்கும்.

பணிக்குழுவைக் கலைக்கவில்லை. பிரஸ்ஸல்ஸ் முடிவுக்காகக் காத்திருக்குமாம்.

11 ஏப்ரல், வெள்ளி

எட்டு மணிக்கு மேசைப் போன் அடித்தது. கெஷே ப்ரூன்ஸ். வணக்கம்கூட இல்லை.

"இன்னைக்கு லாரி அஞ்சு முப்பத்தாறுக்கே வந்து நிக்குது. நான் கடைசி வரிசை மாட்ட இன்னும் கறந்தே முடிக்கல. பாதி தொட்டிய எடுத்துக்கிட்டுப் போவியா நீ?"

"இன்னைக்குப் பட்டியல்ல உங்களுக்கு அஞ்சு நாப்பதுதான் போட்டிருக்கு."

"நாலு நிமிஷம்னா நாலு நிமிஷம்தான். இனிமே எனக்கு ஆறு மணின்னு போடு. மே மாசம் மூணு கெடேரி கன்னு போடுது, கறவைக்கு இன்னும் நேரமாகும். கேக்குதா?"

"கேக்குது."

"எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேன்."

வைத்துவிட்டாள்.

ப்ரூன்ஸ் பண்ணை: ஆறு மணிக்கு முன் போகக் கூடாது. மே முதல் அறுபத்தைந்து மாடு. நான்கு கறவை அந்தத் தொட்டியில் அடங்குமா என்று திங்கட்கிழமை போய் அளந்து பார்க்க வேண்டும்.